மூல மகாவம்சம் எங்கே இருக்கிறது?

ஏட்டுப் பெட்டி: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், இலங்கையின் பழைய அரச வரலாற்றைச் சொல்லும் பாளி நூலான மகாவம்சத்தின், பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கும் ஏட்டை யுனெஸ்கோ 2023இல் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்ததைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஏடுகளோடு இருபத்தேழு வருடம் வேலை செய்தவளுக்கு இதைவிடச் சந்தோஷம் வேறென்ன வேண்டும்? எல்லாவற்றுக்கும் பதில் எழுத இடமில்லை. நாலு கடிதங்களை எடுத்துக்கொள்கிறேன்.

தலவாக்கலையிலிருந்து ஓர் ஆசிரியை: அம்மா, நீங்கள் எழுதியதைப் பத்தாம் தரப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு பிள்ளை எழும்பி, "அப்படியென்றால் மகாநாம தேரர் தன் கையால் எழுதின ஏடு பேராதனையிலா இருக்கிறது டீச்சர்?" என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. மூல ஏடு எங்கே இருக்கிறது? இப்போது இருப்பது யாருடையது?

பதில்: மகாநாமர் கைப்பட எழுதியது பேராதனையில் இல்லை, டீச்சர். வேறெங்கும் இல்லை. அந்தப் பிள்ளையிடம் தயங்காமல் அப்படியே சொல்லுங்கள்.

அனுராதபுரத்து மகாவிகாரையைச் சேர்ந்த மகாநாமர் மகாவம்சத்தைப் பாளிச் செய்யுளாகப் பாடியது 5ஆம் நூற்றாண்டுவாக்கில். ஓலைக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. நம் மலைநாட்டு ஈரத்தில், கவனிப்பில்லாமல் பரணில் போட்ட ஏடு ஒரு தலைமுறைக்குள்ளேயே பூஞ்சணம் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பக்குவமாகப் பார்த்தால் சில நூறு வருடம் தாங்கும். இலங்கையில் இன்று கைக்குக் கிடைக்கும் ஏடுகளிற் பெரும்பாலானவை 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் எழுதப்பட்டவை. அப்படியானால் நடுவில் கிடக்கும் ஆயிரத்துச் சொச்சம் வருடத்தை அந்தப் புத்தகம் எப்படித் தாண்டி வந்தது? ஓலை இற்றுப்போகுமுன் ஒருவர் உட்கார்ந்து அதைப் பார்த்து எழுதினார். அவர் எழுதியது இற்றுப்போகுமுன் இன்னொருவர் உட்கார்ந்தார். அதில் வரும் துட்டகைமுனு, எல்லாளன் கதையை எல்லோரும் பேசுகிறோம். அந்தக் கதையை நம் காலம்வரைக்கும் சுமந்து வந்த கைகளைப் பற்றிப் பேச ஆளில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பேராதனைப் பூங்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனால் அங்கே வரிசையாக நிற்கும் தாளிப்பனையைக் காட்டுங்கள். சிங்களத்தில் 'தல' என்பது அதுதான். யாழ்ப்பாணத்தில் எழுதியது பனையோலையில். கண்டிப் பக்கத்தில் தாளிப்பனை. அகலம் கூட, மெல்லிசு, கைக்கு மெத்தென்றிருக்கும். விரியாத குருத்தை வெட்டி, ஈர்க்கை உரித்து, சுருட்டி வேகவைத்து, வெயிலிலும் பனியிலும் மாற்றி மாற்றிப் போட்டுக் காயவைப்பார்கள். பிறகு வழுவழுப்பான கமுகந்தண்டில் முன்னும் பின்னும் இழுத்துத் தேய்ப்பார்கள். அளவாக நறுக்கி, இரண்டு துளை போட்டால் ஓலை தயார்.

எழுதுகிறவருக்கு மேசை கிடையாது. ஓலையை இடது கையில் பிடித்து, பெருவிரல் நகத்தில் வெட்டி வைத்திருக்கும் பள்ளத்தில் எழுத்தாணியைத் தாங்கி, வலது கையால் நகர்த்துவார். எழுதும்போது எழுத்துச் சரியாகக் கண்ணுக்குத் தெரியாது. ஓலையின் நிறத்திலேயே கீறல் கிடக்கும். கடைசியில்தான் குங்கிலிய எண்ணெயில் கரியைக் குழைத்துத் தடவி, தவிடு போட்டுத் துடைப்பார்கள்.

முதன்முதலில் அதை நான் செய்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. எழுத்து மங்கிப்போன பழைய ஓலை ஒன்று. தடவிய துணியை எடுத்ததும் ஓலை முழுக்க ஒரே கறுப்பு. கெடுத்துவிட்டேன் என்று கை நடுங்கியது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த லொக்கு ஹாமதுரு, பெரிய பிக்கு, ஒன்றும் பேசவில்லை. ஒரு பிடி தவிட்டை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். தேய்க்கத் தேய்க்கக் கறுப்பெல்லாம் தவிட்டோடு உதிர்ந்துபோய், கீறலுக்குள் இருந்தது மட்டும் நின்றது. ஏழு வரி, வட்ட வட்டமான சிங்கள எழுத்து. ஓலையின் நரம்பு ஓடும் திசையில் நேர்க்கோடு இழுத்தால் ஓலை கிழியும், அதனால்தான் இந்த எழுத்து இப்படி உருண்டது என்று அன்றைக்குத்தான் எனக்குச் சொல்லித்தந்தார். புஸ்ஸல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த எனக்குச் சிங்கள ஏட்டை வாசிக்கச் சொல்லித்தந்தவரும் அவர்தான். தாள்களுக்கு எண் போடும் விதத்திலிருந்து தொடங்கினார். நம் ஏடுகளில் இடது ஓரத்தில் தமிழ் எண் இருக்கும். சிங்கள ஏட்டில் எண்ணுக்குப் பதில் க, கா, கி, கீ என்று எழுத்து வரிசை ஓடும். ககர வரிசை முடிந்தால் அடுத்த எழுத்து.

பார்த்து எழுதுகிறவருக்குக் கண் தவறும். ஒரே சொல்லில் முடியும் இரண்டு வரி பக்கத்துப் பக்கத்தில் வந்தால், முதல் வரியை எழுதிவிட்டு ஓலையைத் திரும்பப் பார்க்கும் கண் இரண்டாவது வரியில் போய் விழும். நடுவில் இருந்தது போய்விடும். அந்த ஏட்டைப் பார்த்து எழுதுகிற அடுத்தவருக்கு அங்கே ஒரு வரி இருந்ததே தெரியாது. ஆனால் இந்தத் தவறுதான் எங்களைப் போன்றவர்களுக்கு வழிகாட்டி. வேறு வேறு ஊரில் கிடைத்த இரண்டு ஏட்டில் ஒரே இடத்தில் ஒரே வரி இல்லையென்றால், இரண்டும் ஒரு தாய் ஏட்டின் பிள்ளைகள் என்று அநேகமாகச் சொல்லிவிடலாம். ஏடுகளுக்கும் வம்சாவளி உண்டு, டீச்சர். அதைப் பிழையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இனி நம் கண்டிக்கு வருவோம். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கே ஆண்ட கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் தென்னிந்திய நாயக்கர் வழியில் வந்தவன். அவன் காலத்தில், 1753இல், சியாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) உபாலி தேரர் தலைமையில் பிக்குகள் வந்து, இங்கே அறுந்துபோயிருந்த உபசம்பதா முறையை, அதாவது முழுத் துறவு கொடுக்கும் சடங்கை, மறுபடி தொடங்கிவைத்தார்கள். சியாமிலிருந்து மகாவம்சப் பிரதியொன்றும் வந்தது. இங்கிருந்ததையும் அங்கிருந்து வந்ததையும் ஒப்பிடச் செய்து, விடுபட்டுப்போன அரசர்களின் வரலாற்றையும் சேர்த்து எழுதும்படி அரசன் சொன்னான் என்று அந்த நூலின் பிற்பகுதியிலேயே இருக்கிறது. அந்தப் பொறுப்பை ஏற்றவர் மல்வத்தை விகாரையைச் சேர்ந்த திப்பொட்டுவாவே சுமங்கல தேரர். இந்தத் தீவில் பிறந்த புத்தகம், பிக்குகளின் கையோடு கடல் கடந்து போய், சொந்த ஊரில் இருந்த பிரதியைச் சரிபார்க்கத் திரும்பி வந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கும்.

அப்படிப் போனவற்றில் சில வேறு உருவமே எடுத்தன. பர்மிய எழுத்தில் மகாவம்ச ஏடுகள் உண்டு. கம்போடிய எழுத்தில் இருப்பதோ, மகாநாமர் பாடியதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நீளம். வேறு நூல்களிலிருந்து கதைகளை எடுத்து நடுவில் நடுவில் வைத்துக் கோத்திருக்கிறார்கள். நம் நாட்டுப் பாளி அறிஞர் மலலசேகர அதை 1937இல் தனியாகவே பதிப்பித்தார்.

வெள்ளைக்காரர் கைக்கு வந்த கதையையும் சொல்ல வேண்டும். ஜோர்ஜ் டேர்னர் என்ற சிவில் அதிகாரி 1799இல் இந்த நாட்டிலேயே பிறந்தவர். இரத்தினபுரியில் வேலை பார்த்தபோது ஒரு பிக்குவிடம் பாளி கற்றார். மகாவம்சச் செய்யுளை உரையில்லாமல் விளங்கிக்கொள்வது கஷ்டம். அந்த உரையின் பிரதியைத் தங்காலைப் பக்கத்து முல்கிரிகலை விகாரையிலிருந்து எடுப்பித்துக் கொடுத்தவர் அந்தக் குருதான். 1837இல் கோட்டேயில், சர்ச் மிஷன் அச்சகத்தில், முதல் 38 அத்தியாயங்களை டேர்னர் ஆங்கிலத்தோடு அச்சிட்டார். அதே வருடம் இந்தியாவில் ஜேம்ஸ் பிரின்செப் பிராமிக் கல்வெட்டுகளை வாசித்துவிட்டு, அதில் வரும் 'பியதசி' யார் என்று தெரியாமல் இருந்தார். அது அசோகன்தான் என்று காட்டியவர் டேர்னர். எதை வைத்து? மகாவம்சத்துக்கும் மூத்த தீபவம்சத்தின் ஒரு பிரதியை வைத்து. அந்தப் பிரதி 1812இல் சியாமிலிருந்து வந்தது! இங்கே பிறந்து அங்கே போய்ப் பிழைத்திருந்த ஓர் ஏடு இல்லாமல் போயிருந்தால், அசோகனின் பெயர் இன்னும் எத்தனை வருடம் கல்லிலேயே கிடந்திருக்குமோ.

நீங்கள் கேட்ட "யாருடையது" என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. விகாரைகளில் இருப்பது விகாரையின் சொத்து, குருவிடமிருந்து சீடருக்குப் போகும். ராஸ்முஸ் ராஸ்க் என்ற டென்மார்க் அறிஞர் 1820களின் தொடக்கத்தில் இங்கே வந்து சேர்த்த ஏடுகள் கோபன்ஹேகனில் இருக்கின்றன. ஹியூ நெவில் என்ற அதிகாரி 19ஆம் நூற்றாண்டில் நாடெல்லாம் சுற்றிச் சேர்த்த ஏடுகள் 2,200க்கு மேல். அவர் இறந்த பிறகு, 1904இல், அவற்றைப் பிரித்தானிய அரும்பொருளகம் வாங்கியது. இப்போது பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன. வில்ஹெல்ம் கைகர் என்ற ஜெர்மன் அறிஞர் 1908இல் மகாவம்சத்தைப் பதிப்பித்தபோது சிங்களம், பர்மியம், கம்போடியம் என்று மூன்று எழுத்து ஏடுகளையும் ஒப்பிட்டார். நாம் இன்று புத்தகமாக வாசிப்பது அப்படிப் பல ஏடுகளைக் கூட்டிவைத்துச் செய்தது.

பிள்ளையிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். நம் காலம்வரைக்கும் வந்து சேர்ந்த ஏடுகளில் பலவற்றின் கடைசி ஓலையில், எழுதி முடித்தவர் ஒரு பிரார்த்தனை எழுதியிருப்பார். வரப்போகும் மைத்ரேய புத்தரைக் காணும் பேறு வேண்டும் என்று. பல இடத்தில் பேர்கூட இராது. வேண்டுதல் மட்டும் இருக்கும்.

மாத்தளையிலிருந்து ஓர் உயர்தர மாணவன்: மகாவம்சம், சூளவம்சம் இரண்டும் இரண்டு நூலா, ஒன்றா? ஒரு புத்தகத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் போட்டிருக்கிறார்கள்.

பதில்: ஏட்டில் ஒன்று, மகன். அச்சில் இரண்டு.

மகாநாமர் பாடியது 37ஆம் அத்தியாயத்தின் 50ஆவது செய்யுளோடு, மகாசேன மன்னனின் மரணத்தில் நிற்கிறது. தொடர்ந்து எழுதியவர் புதிதாக ஓர் அத்தியாயம் தொடங்கவில்லை. அதே அத்தியாயத்தின் நடுவிலிருந்து மேலே எழுதிக்கொண்டு போனார். அந்தத் தொடர்ச்சியின் முதல் பகுதி, பொலன்னறுவையின் முதலாம் பராக்கிரமபாகுவரைக்கும் வருவது, தர்மகீர்த்தி என்ற தேரரின் வேலை என்பது மரபு. பிறகு வேறு கைகள், கடைசியில் நான் மேலே சொன்ன திப்பொட்டுவாவே தேரர். 19ஆம் நூற்றாண்டில் ஹிக்கடுவே சுமங்கல தேரர் 1815வரைக்கும் கொண்டுவந்து முடித்தார். கைகர் 1925இலும் 1927இலும் பிற்பகுதியைத் தனியாகப் பதிப்பித்தபோது 'சூளவம்சம்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆக, இரண்டு புத்தகமும் பொய் சொல்லவில்லை. பரீட்சையில் காலத்தையும் எழுதியவரையும் பிரித்து எழுது, போதும்.

நீ மாத்தளைப் பிள்ளை. அலுவிகாரைக்குப் போயிருப்பாய். திரிபிடகத்தை முதன்முதலில் ஓலையில் எழுதிய இடம் என்று மகிமை பெற்ற அந்த விகாரையின் ஏட்டுச்சாலை, 1848 கலகத்தை வெள்ளைக்காரர் அடக்கியபோது அழிந்தது. வாசித்து மனப்பாடம் செய்வதோடு, ஒருநாள் அங்கே போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வா.

பொகவந்தலாவையிலிருந்து ஓர் இளைஞர்: எங்கள் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஓர் ஓலைக்கட்டு இருக்கிறது. ஒரு முழ நீளம். திருச்சிப் பக்கமிருந்து அவருடைய தாத்தா கொண்டுவந்ததாம். ஓலைகள் ஒட்டிப்போய், மேலே வெள்ளையாகப் பூத்திருக்கிறது. வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. கழுவிக் காயவைக்கலாமா? லேமினேட் பண்ணலாமா? வெளியூர்க்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு நாற்பதாயிரம் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: தம்பி, கழுவ வேண்டாம். லேமினேட் வேண்டவே வேண்டாம். அந்தச் சூட்டில் ஓலை சுருளும், உள்ளே அடைபட்ட ஈரம் அதை அரித்துவிடும், பிறகு பிரிக்கவும் முடியாது. வெயிலிலும் வைக்காதீர்கள்.

ஒட்டியிருக்கும் ஓலையை நகத்தால் பிரிக்க ஆசை வரும். எனக்கும் வந்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், நாட்டு வைத்தியச் சுவடி ஒன்று, இரண்டு ஓலை நடுவில் மட்டும் ஒட்டியிருந்தது. இவ்வளவுதானே என்று மெல்ல நெம்பினேன். தோல் உரிவதுபோல் ஒரு சத்தம். மேல் ஓலையின் மேற்பரப்பு, நாலெழுத்து அகலத்துக்குக் கீழ் ஓலையோடு போய்விட்டது. எழுத்தாணி எழுத்துக் கீறல்தானே? மேற்பரப்பு போனால் எழுத்தும் போனது. அது ஒரு மருந்தின் அளவைச் சொல்லும் இடம். எத்தனை கழஞ்சு என்று அந்த ஏட்டில் இனி யாரும் வாசிக்க முடியாது. முப்பது வருடம் கழித்தும் அந்தச் சத்தம் என் காதில் இருக்கிறது.

நீங்கள் செய்யக் கூடியது இவ்வளவு. கட்டை ஈரமில்லாத, காற்றோட்டமான இடத்தில், சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். அடுப்புப் புகை படும் பரணிலிருந்து இறக்கிவிடுங்கள். வசம்புத் துண்டைச் சிறு துணியில் முடிந்து பக்கத்தில் வைக்கலாம், பூச்சி அண்டாது. வெள்ளைப் பூப்பை மென்மையான, காய்ந்த தூரிகையால் வாசலில் வைத்துத் தட்டிவிடுங்கள். வாயில் துணி கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. எண்ணெய் காட்டுவது தெரிந்தவர் கையால் நடக்கட்டும். பழைய கயிறு இற்றிருந்தால் வெட்டி எறிய வேண்டாம், அதையும் ஒரு உறையில் போட்டு வையுங்கள்.

அதற்குமுன் முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. தானாகப் பிரிகிற ஓலைகளை எண்ணுங்கள். ஒவ்வொன்றையும் இருபுறமும், காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, போனில் படம் எடுங்கள். நேர் வெளிச்சத்தில் கீறல் தெரியாது. சாய்ந்த வெளிச்சத்தில் எழும்பி நிற்கும். இடது ஓரத்துத் தமிழ் எண்ணும் படத்தில் வர வேண்டும். முதல் ஓலையையும் கடைசி ஓலையையும் இரண்டு மூன்று தடவை எடுங்கள். எழுதிய ஆண்டு, எழுதியவர் பெயர், யாருக்காக எழுதினார் என்பதெல்லாம் அநேகமாகக் கடைசியில்தான் இருக்கும். ஆண்டுக்கு எண் இராது, அறுபது வருடச் சுற்றில் வரும் பெயர் இருக்கும். 'விகிர்தி வருஷம்' என்றிருந்தால் 1830ஆக இருக்கலாம், 1890ஆக இருக்கலாம், 1950ஆகவும் இருக்கலாம். எது என்று ஓலையின் பழமையையும் எழுத்தின் அமைப்பையும் பார்த்துத் தீர்மானிப்பார்கள்.

வாசிக்க முடியவில்லை என்று மனம் விட வேண்டாம். தமிழ்தான். ஓலை துளைபடும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வேறுபாடு கிடையாது. 'செறு' என்பதும் 'சேறு' என்பதும் ஒரே மாதிரி இருக்கும். ரகரமும் காலும் ஒன்றுபோல. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் விடுவதில்லை. சத்தம் போட்டு வாசித்துப் பாருங்கள். பாட்டாக இருந்தால் உங்கள் வீட்டுப் பெரியவர்களில் யாராவது அடுத்த வரியைச் சொல்லிவிடுவார்கள். அப்படி நடந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

விற்பதைப் பற்றி: கட்டு உங்கள் குடும்பத்தின் சொத்து, முடிவு உங்கள் வீட்டாருடையது. ஆனால் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத ஒன்றுக்கு விலை பேசாதீர்கள். உங்கள் பாட்டன் பூட்டன் பேர் அதில் இருக்கலாம். இன்னொன்று, இப்படியான பழம்பொருட்களை அனுமதியில்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டம் இடம் கொடுக்காது. வாங்க வருகிறவரிடம் எங்கே கொண்டுபோகப் போகிறீர்கள் என்று கேளுங்கள். படியெடுக்க இரவல் கொடுத்தாலும், எத்தனை ஓலை, எந்தத் திகதி, எப்போது திரும்பி வரும் என்று எழுதிக் கையெழுத்து வாங்காமல் கொடுக்க வேண்டாம். ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்று அடுத்த பதிலில் தெரியும்.

பதுளையிலிருந்து ஓய்வுபெற்ற தோட்ட உத்தியோகத்தர் ஒருவர்: உங்கள் பகுதியை விரும்பி வாசிக்கிறவன் நான். ஆனாலும் கேட்கிறேன். மகாவம்சம் நம்மைப் பற்றிய புத்தகம் அல்ல. அதைக் காட்டித்தான் நம்மை அந்நியர் என்றார்கள். தோட்டத்துச் சனங்கள் வாசிக்கிற பத்திரிகையில் அந்த ஏட்டைக் கொண்டாடுவானேன்?

பதில்: ஐயா, உங்கள் மனவருத்தம் எனக்கும் உள்ளது. நான் அதை மறைக்கவில்லை. அது ஒரு விகாரையின் பிக்குகள் தங்கள் பௌத்த சாசனத்தின் பெருமைக்காகப் பாடிய நூல். பிற்காலத்தில் அதை எடுத்து எப்படி எப்படியோ பிரயோகித்தார்கள். அந்த ஏட்டை வருடக்கணக்காகத் தொட்டுத் துடைத்த எனக்கும் சில செய்யுள்களின் பொருள் விளங்கியபோது நெஞ்சு வலித்தது.

ஆனால் நான் கொண்டாடுவது அந்தப் பார்த்தெழுதும் பழக்கத்தை. நம்மிடம் அது அறுந்துபோனதால் எத்தனை போயின என்று பாருங்கள். 1736இல் மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண வைபவமாலையை எழுதியபோது கையில் வைத்திருந்த நூல்கள் கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை. இவற்றில் கைலாயமாலையும் வையாபாடலும் இன்று இருக்கின்றன. உலாவும் இராசமுறையும் இல்லை. இராசமுறை என்றாலே யாழ்ப்பாண அரசர்களின் வரலாறு என்று பெயரே சொல்கிறது. அதை ஒருவர் பார்த்தெழுதி ஒரு மடத்தில் வைத்திருந்தால் இன்று நம் கையில் இருக்கும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்து ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலானபோது, வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் சேர்ந்து எரிந்தன. வைபவமாலை அதற்கு ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முன்பே அச்சேறியிருந்ததால் தப்பியது.

தோட்டத்துக்கு வருவோம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, தகப்பன் இங்கே பிறந்தார் என்று காட்டக் காகிதம் கேட்டார்கள். காகிதம் எங்கே இருந்தது? பேர்ப்பதிவு துரையின் கந்தோரில், வேலைநாள் கணக்கான செக்ரோல் கணக்குப்பிள்ளையின் மேசையில். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் ஒன்றுமில்லை. மூன்று தலைமுறை இந்த மண்ணில் புதைந்தவர்களுக்கு அதைக் காட்ட ஒரு துண்டு இருக்கவில்லை. எழுதி வைத்தவன் கையில்தான் எல்லாம் போய் நின்றது என்பதை நம்மைவிடப் பட்டறிந்தவர்கள் யார், ஐயா?

என் அப்பா கணக்குப்பிள்ளையாக இருந்தவர். மன்மதன் எரிந்த கதையை ஆடிப் பாடும் மாசி மாதக் காமன் கூத்துக்கு அவர்தான் வாத்தியார். ரதியும் மன்மதனும் பாடும் பாட்டு, எரிந்த கட்சி எரியாத கட்சி லாவணி, கம்பம் ஊன்றும்போது சொல்லும் விருத்தம் எல்லாம் ஒரு நீளக் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். தப்படிக்கிற தாளத்தைக்கூடப் பாட்டின் ஓரத்தில் கோடு போட்டுக் காட்டியிருப்பார். முதல் பக்கத்தில், அதைத் தனக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார், அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்று நாலு பேருடைய பேரும், எந்தெந்தத் தோட்டம் என்பதும் இருக்கும். அப்பா இறந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு, நன்றாகப் படித்த ஒருவர் வந்து, "போட்டோக் கொப்பி எடுத்துவிட்டு ஒரு கிழமையில் தருகிறேன்" என்று வாங்கிக்கொண்டு போனார். நான் ஏட்டுப் பிரிவில் வேலை செய்கிறவள். ஆனாலும் துண்டு வாங்கவில்லை. படித்தவர், நம்மவர் என்று நம்பினேன். ஒரு கிழமை, ஒரு மாதம், ஒரு வருடம். பிறகு நான் கொடுக்கவே இல்லை என்றார். பதினெட்டு வருடமாயிற்று.

இப்போது மிஞ்சியிருப்பது என் சித்தப்பா மகள் எட்டாம் தரத்தில் படிக்கும்போது அப்பாவிடம் உட்கார்ந்து தன் கணிதக் கொப்பியின் பின்பக்கத்தில் பார்த்தெழுதிய பதினொரு பாட்டு. பென்சில் எழுத்து. சில இடத்தில் மங்கிவிட்டது. அது அப்பாவின் புத்தகத்திலிருந்து வந்ததுதான் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியும். அப்பா 'மன்மதன்' என்பதை எப்போதும் 'மண்மதன்' என்றே எழுதுவார். பதினொரு பாட்டிலும் மூன்று சுழி 'ண'தான் இருக்கிறது. அவள் தன் சொந்தமாக ஒரு பாட்டில் ஒரு வரியை விட்டிருக்கிறாள். இரண்டு அடி ஒரே சொல்லில் முடியும் இடம் அது.

போன மாதம் அவளுடைய பேத்தி, ஹட்டனில் படிக்கிற பிள்ளை, அந்தக் கொப்பியைப் பார்த்துப் புதிதாக எழுதத் தொடங்கியிருக்கிறாள். ஒரு பக்கம் எழுதிவிட்டு எனக்குப் போன் எடுத்து, "பாட்டி, இந்த 'மண்மதன்' பிழைதானே, திருத்திவிடவா?" என்று கேட்டாள். திருத்தாதே கண்ணு, இருக்கிறபடி எழுது, பிழை என்று உனக்குப் பட்டால் பக்கத்து ஓரத்தில் சின்னதாக எழுதி வை, முதல் பக்கத்தில் யாருடைய கொப்பியைப் பார்த்து எழுதினாய் என்று பேர் போடு என்று சொன்னேன். விடுபட்ட அந்த ஒரு வரி உங்கள் ஊர்ப் பக்கத்துக் காமன் கூத்தில் இன்னும் பாடப்படுகிறதா, ஐயா? மன்மதன் எரிந்த பிறகு ரதி அழுகிற பாட்டில் மூன்றாவது அடி. தெரிந்தவர் இருந்தால் அவர் பாடுகிறபடியே எழுதி அனுப்புங்கள். பிள்ளை அந்த இடத்தில் ஒரு வரி வெற்றாக விட்டு வைத்திருக்கிறாள்.